கரிநாக்குப் பாஷை

பாரிஸ் நகரம் முடிந்து, அதன் குப்பை லொறிகள் படுத்துறங்கும் வளவும் முடிந்து, அதற்கும் அப்பால் ரயில் பாதையோரமாய் நின்ற ஒரு மாடிக் கட்டடத்திலே, லிஃப்ட் ஓடுகிற நாளில் அதன் நாற்றத்துக்குப் பயந்து படியேறி, ஓடாத நாளில் வேறு வழியில்லாமல் படியேறிப் போகிற எட்டாம் மாடியிலே, சுகிர்தா என்றொருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு புருசன் இருந்தான், ஒரு வேலை இருந்தது, ஒரு இடுப்பு நோ இருந்தது, ஒரு மகளும் இருந்தாள், ஆனால் மகள் மட்டும் அங்கே இருக்கவில்லை.

மகள் ஆரணி கிளிநொச்சியில் சின்னம்மா வீட்டில் இருந்தாள். பால்குடி மறந்தும் மறவாமலும் இருந்த வயதில் மடியிலிருந்து இறக்கி, தங்கச்சியின் மடியில் ஏற்றிவிட்டு, "அம்மா போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தவள் சுகிர்தா. அந்தப் பிள்ளை இப்போது வெள்ளைச் சப்பாத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் போனது, முன் பல்லு விழுந்து முளைத்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் போனுக்குள் வந்து "அம்மா, சாப்பிட்டீங்களோ?" என்று பெரிய மனுசி மாதிரிக் கேட்டுவிட்டு ஓடிப்போனது. பிள்ளையைப் பாரிசுக்குக் கூப்பிடுகிற அலுவல் நகரவேண்டுமென்றால் முதலில் தாய் பிரெஞ்சுச் சோதனை பாஸ் பண்ணவேண்டும் என்று லோயர் சொல்லிவிட்டார். விடியமுன் எழும்பிக் கந்தோர்களைக் கூட்டித் துடைத்து, மத்தியானம் ஒரு கிழவியின் வீட்டில் உடுப்புகளை அழுத்தி மினுக்கி, பின்னேரம் திரும்பி வந்து சமைக்கிற ஒருத்தியின் மண்டைக்குள் பாஷை எந்த வாசலால் போகும் என்று லோயர் சொல்லவில்லை.

சனிக்கிழமைகளில், நீச்சல் தடாகத்துக்குப் பின்னாலிருந்த ஒரு மண்டபத்தில், மதாம் ஒடீல் என்ற மெலிந்த பெண் இலவசமாகப் பிரெஞ்சு படிப்பித்தாள். குளோரின் மணக்கும் மண்டபத்துக்குள் குளோரின் மணக்கும் கைகளோடு எங்கள் சனம் வந்து குந்தும், குந்தினதும் தூங்கும். மதாம் ஒடீல் யாரையும் எழுப்பமாட்டாள். எழுப்ப முடியாத அலுப்பு அவளுக்கும் இருந்தது.

முடிந்த வேலைகளைச் சொல்கிற பாடம் அந்தக் குளிர் மாரியில்தான் தொடங்கியது. பெரும்பாலான சொற்கள் நல்ல பிள்ளைகள், எல்லாம் ஒரே வால் வைத்துக்கொண்டு வரிசையில் போகும், ஆனால் சில கோணல் சொற்கள் இருக்கின்றன, அவை ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குப் போகும், அவற்றுக்கு வழி கேட்காதீர்கள், பாடமாக்குங்கள் என்று மதாம் ஒடீல் பலகையில் எழுதினாள். செய்தாயிற்று என்பதற்கு ஃபே. வைத்தாயிற்று என்பதற்கு மீ. வெந்தாயிற்று என்பதற்குக் குயி. குடித்தாயிற்று என்பதற்கு ப்யூ. வாசித்தாயிற்று என்பதற்கு ல்யூ. வந்தாயிற்று என்பதற்கு வெனு.

"உதுகள் என்ர மருமக்கள் மாதிரிப் பிள்ளை," என்றா ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற பவளக்கா, கண்ணைத் திறக்காமலே. "ஒண்டும் சொல்வழி கேளாது. பெயரை மட்டும் பாடமாக்கி வைச்சிருக்க வேணும்."

அந்தக் கிழமையிலே ஒரு பின்னேரம், சுகிர்தா குசினிக்குள் நின்றாள். மடிக்காத உடுப்பு ஒரு பக்கம், கழுவாத கோப்பைகள் ஒரு பக்கம், கூட்டாத நிலம் காலுக்குக் கீழே. அவள் சுவரில் சாய்ந்துகொண்டு கோணல் சொற்களைச் சொல்லிப் பார்த்தாள். ஃபே என்பது பல தடவை 'பே' என்று விழுந்தது, 'பை' என்று விழுந்தது, பிறகு மேற்பல்லுக் கீழ் உதட்டில் சரியாய்ப் பட்டு, காற்றுச் சரியாய் வந்து, ஃபே என்று விழுந்தது. விழுந்ததும் உடுப்பெல்லாம் மடித்திருந்தது, கோப்பைகள் கவிழ்த்திருந்தன, நிலம் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது, அவளுடைய இடுப்போ இவ்வளவு வேலையையும் குனிந்து நிமிர்ந்து செய்த இடுப்பு மாதிரி விண்ணென்று வலித்தது. அவள் கையை முகர்ந்து பார்த்தாள். சவர்க்கார மணம். "சரிதான்," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

சனிக்கிழமை இதைப் பவளக்காவின் காதில் சொன்னாள்.

"எனக்குச் செவ்வாய்க்கிழமையே நடந்தது," என்றா பவளக்கா. "அலுப்பிலை சொல்ல மறந்துபோனன்."

முன் வாங்குப் பலகையில் இருந்தவர்களும் திரும்பினார்கள். ஒருத்திக்குச் சோறு வெந்திருந்தது, ஒருத்திக்குக் கதிரையெல்லாம் வைக்கவேண்டிய இடத்தில் வைத்திருந்தது. யாரும் வாயில் கை வைக்கவில்லை. எங்கள் ஊர்களில் கரிநாக்கு உள்ளவர்கள் எப்போதும் இருந்தார்கள். அவர்கள் வாய் வைத்தால் காய்த்த மாமரம் கருகும், "இவள் இனி எழும்பமாட்டாள்" என்றால் ஆள் எழும்பாது. அப்படி ஒரு மனுசருக்கு இருக்கலாமென்றால் ஒரு பாஷைக்கு ஏன் இருக்கக்கூடாது? பிரெஞ்சுக்குக் கரிநாக்கு என்று அன்று மத்தியானம் முடிவாயிற்று. அதற்குமேல் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, யோசிக்க நேரமுமில்லை.

அதற்குப் பிறகு மண்டபத்தில் இடம் காணாது. சமையற்காரர் வந்தார்கள், கோப்பை கழுவுகிறவர்கள் வந்தார்கள், இவ்வளவு காலமும் "எனக்கு உந்தப் பாஷை ஏறாது" என்று சொல்லித் திரிந்த சுகிர்தாவின் புருசன் தயாபரனும் தலையை வாரி இழுத்துக்கொண்டு வந்து பின் வாங்கில் இருந்தான். எல்லாரும் உதட்டைக் குவித்து, காற்றை விட்டு, பூசைக்குச் சங்கூதுகிற பக்தியோடு கோணல் சொற்களைப் பயின்றார்கள். மதாம் ஒடீல் தான் புதிதாய் வாங்கிய நிறப் பேனைகளால்தான் இந்தச் சனம் விழித்துக்கொண்டது என்று நம்பினாள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.

ஒரு சொல்லிலே மட்டும் அவளுக்கும் சனத்துக்கும் பிணக்கு வந்தது. செத்தாயிற்று என்பதற்கான கோணல் சொல்லை அவள் பலகையில் எழுதியதும், வாசல் தாண்டும்போதுகூட "போறன்" என்று சொல்லாமல் "போட்டு வாறன்" என்று சொல்கிற சனம், கதிரைகளைச் சத்தமில்லாமல் பின்னே தள்ளிவிட்டு ஒட்டுமொத்தமாய் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டது. "சொற்களிலே எனக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று இல்லை," என்று மதாம் ஒடீல் கதவடியில் நின்று சொன்னாள். "எங்களுக்கு இருக்கு மதாம்," என்றா பவளக்கா, தமிழில். மதாம் ஒடீலுக்கு விளங்கியிருக்கவேண்டும். வந்து அழித்துவிட்டாள்.

இப்படியாகக் கட்டடம் முழுக்க வேலைகள் சொல்லால் முடிந்தன. முடிந்தாலும் சனம் சும்மா இருக்கவில்லை, இருக்க முடியவில்லை, ஏனென்றால் வேலை போனாலும் அலுப்புப் போகவில்லை. சோறு வெந்தால் கிண்டின கை நொந்தது, நிலம் துடைபட்டால் முழங்கால் கன்றியது. முன்பெல்லாம் பகல் முழுக்கச் சிறுகச் சிறுக வருகிற களை, இப்போது காலையில் ஒரே மூட்டையாய் வந்து இறங்கியது. பளபளவென்று துடைத்த வீடுகளுக்குள் ஆட்கள் அடித்துப்போட்ட மாதிரிக் கால் நீட்டிக் கிடந்தார்கள். ஹோட்டலில் பவளக்கா அறைகளையெல்லாம் சீக்கிரமாய் முடிப்பதைக் கண்ட முகாமையாளர் அடுத்த மாடியையும் அவவுடைய தலையில் கட்டினார். அதன்பிறகு அவ சொல்லைச் சொல்லிவிட்டு, துவாய் அடுக்குகிற அறைக்குள் ஒளிந்திருந்து மத்தியானம்தான் வெளியே வருவா. சொல்லிச் சமைத்த கறிகளுக்கு உப்பும் இருக்கவில்லை. உப்புப் போடுவதற்கான சொல் நேரான சொல்லாம், அதற்குக் கரிநாக்கு இல்லையாம். கட்டடத்தில் எல்லா வீட்டு மேசையிலும் ஒரு உப்புச் சிரட்டை ஏறியது.

உப்பைவிட வேறொன்றும் குறைந்தது. அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. ப்யூ என்றால் கோப்பை வெறுமையாய் இருந்தது, வயிறு சூடாய் இருந்தது, ஆனால் நாக்குக்குத் தேத்தண்ணி குடித்த ஞாபகம் இல்லை. தயாபரன் தன் தாய் ஊரிலிருந்து எழுதியதை ல்யூ என்று வாசித்தான். கண் வலித்தது, வாசித்தது நிச்சயம், அம்மா என்ன எழுதினா என்று கேட்டால் திரும்பவும் கையால் பிரித்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்திருந்தது, ஆனால் அது நடந்தபோது அங்கே ஒருத்தரும் இருக்கவில்லை.

உடுப்பு மடிக்க யார் இருந்தால் என்ன, இருக்காவிட்டால் என்ன என்றுதான் சுகிர்தாவும் நினைத்தாள், பவளக்காவின் மகன் வரும்வரைக்கும்.

பவளக்காவின் கடைசி மகன் கஜன், இந்தோனேசியாவில் ஏதோ ஒரு அகதி முகாமில் காலங்காலமாய் அகப்பட்டுக் கிடந்தவன். பவளக்கா ஒரு கிழமை முழுக்க உதட்டைப் பழக்கி, வந்தாயிற்று என்பதற்கான வெனு என்ற சொல்லைத் திருத்தமாய்ச் சொன்னா. செய்தி கேட்டுச் சுகிர்தா பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒரு சட்டி ஒடியல் கூழோடு மேல்மாடிக்கு ஓடினாள். வீடு கலகலவென்று இருக்கும், அழுகையும் சிரிப்புமாய் இருக்கும் என்று படியேறும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கஜன் சோபாவில் சப்பாத்துக் கழட்டி இருந்தான். பவளக்கா எதிரே இருந்தா. இரண்டு பேருடைய கண்ணும் அழுது வீங்கியிருந்தது, தொண்டை கட்டியிருந்தது. தொலைக்காட்சியில் யாரோ பந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப அக்கா வந்தவன்?" என்றாள் சுகிர்தா.

"வந்திட்டான்," என்றா பவளக்கா.

"கதவை ஆர் திறந்தது? கண்டவுடனை என்ன சொன்னவன்? கட்டிப்பிடிச்சவனோ?"

பவளக்கா தன் தோளைத் தடவிப் பார்த்தா. "பிடிச்சிருப்பான் போலை. நோகுது."

"என்ன கதைச்சனீங்கள்?"

"எல்லாம் கதைச்சு முடிஞ்சுது பிள்ளை. இனிக் கதைக்க ஒண்டும் இல்லை." அவ மகனைப் பார்த்தா, பார்த்து, ஏதாவது மிச்சமிருக்குமோ என்று தேடுகிறவ மாதிரி இன்னுங் கொஞ்சம் பார்த்தா. "தம்பி, கூழ் குடிக்கிறியோ?"

"பேந்து குடிக்கிறன் அம்மா. அந்த ரிமோட்டை எடுங்கோ."

சுகிர்தா சட்டியை மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். படியில் ஓரிடத்தில் குந்தினாள். பிறகு எழும்பி வந்தாள்.

கட்டடமோ அவளை விடவில்லை. கஜன் வந்தது ஊரெல்லாம் தெரிந்த பிறகு, ஆரணி ஏன் இன்னும் வரவில்லை என்று சந்தையில் கேட்டார்கள், கோவிலில் கேட்டார்கள், படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர்களும் கேட்டார்கள். சொந்தப் பிள்ளைக்காக ஒரு சொல்லைச் செலவழிக்க மனமில்லாத தாய் என்றும் ஒரு கதை ஓடித் திரிந்தது. தயாபரன் அவ்வளவு நாளும் பொறுத்துப் பார்த்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனுக்குள் பிள்ளை வந்து போன பிறகு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"இஞ்சரும். ஒரு சொல்லு. சொல்லுமன்."

"நீங்களும்தானே படிக்கிறியள். சொல்லுங்கோவன்."

"எனக்கு வாய் வளையுதில்லை. வளைஞ்சால் உம்மைக் கேட்பனோ?" அவன் முயன்றுதான் இருந்தான், குளியலறைக்குள் அவன் 'வெணு, வேனு' என்று தண்ணீர்க் குழாயோடு மல்லுக்கட்டுவது அவளுக்குக் கேட்டிருந்தது. "பிள்ளை தாய் தேப்பன் இல்லாமல் வளருது. உமக்கு என்ன பயம்?"

"கஜனைப் பாத்தனீங்கள்தானே."

"பாத்தன். சோபாவிலை இருக்கிறான். உயிரோடை இருக்கிறான். உதைவிட என்ன வேணும்?"

சுகிர்தா வெங்காயத்தை வைத்தாள். "எனக்கு எயாப்போட் வேணும்," என்றாள். "அது வெளியிலை வரேக்கை நான் நிக்க வேணும். அது என்னைக் கண்டு வெக்கப்படுமோ, கோவிச்சுக்கொண்டு முகத்தைத் திருப்புமோ, பயந்து அழுமோ, என்னெண்டாலும் அது என்ர கண்ணுக்கு முன்னாலை நடக்க வேணும். விட்டிட்டு வந்தது நான். அந்தக் கோவத்தை நான் இல்லாத நேரத்திலை ஆறப்பண்ணி, ஆறின பிள்ளையைக் கொண்டந்து சோபாவிலை இருத்தினால், அது ஆருடைய பிள்ளை?"

"எயாப்போட்டாம்," என்றான் தயாபரன். "சோதினை பாஸ் பண்ணினால்தானே எயாப்போட்."

அதுதான் உண்மை. அதனால் அவள் மற்ற எல்லாச் சொற்களையும் பாடமாக்கினாள். பேருந்தில் பாடமாக்கினாள், வாளியும் தும்புத்தடியுமாய்ப் பாடமாக்கினாள். சொல்லச் சொல்ல எங்கேயோ கதவுகள் திறந்தன, பொருட்கள் எடுபட்டன, வைபட்டன, அவளுக்குத் தோளும் முழங்கையும் கழன்றன. அந்த ஒரு சொல்லுக்கு வரும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு அடுத்ததற்குப் போனாள்.

சோதனையில் அவளுக்கு முன்னால் இருந்தது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிக் கண்ணைக் கசக்குகிற ஒரு மனுசன். நேற்று என்ன செய்தாய் என்று கேட்டான், சொன்னாள். காலையில் என்ன குடித்தாய் என்று கேட்டான், சொன்னாள், அவளுக்கு முன்னிருந்த தண்ணீர் வற்றியது. யன்னலைப் பற்றிக் கேட்டான், உவேர் என்றாள், யன்னல் திறந்து குளிர் வந்தது. அவன் எழும்பிப் போய் மூடிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த படத்தை நீட்டினான். படத்தில் ஒரு வாசல், வாசலில் பெட்டியோடு ஒரு சின்னப் பெண், கையை விரித்தபடி ஒரு தாய்.

"இங்கே என்ன நடந்திருக்கிறது?" என்று கேட்டான்.

சுகிர்தா படத்தைப் பார்த்தாள். அந்தச் சொல் அவளுடைய நாக்கு நுனியில், கழுவித் துடைத்து வைத்த கோப்பை மாதிரிச் சுத்தமாய் இருந்தது. சொன்னால் பாஸ். சொன்னால் இன்று பின்னேரம் வீட்டில் சோபாவில், வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அழுது முடித்த கண்ணோடு பிள்ளை இருக்கும். அவள் உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்தாள்.

"ஏதாவது சொல்லுங்கள் மதாம்," என்றான் அவன். "ஒரு சொல் போதும்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவன் படத்தைக் கவிழ்த்து வைத்தான்.

அவள் மயிரிழையில் தவறினாள்.

தயாபரன் அந்த மாரி முடியும்வரை அவளோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. "சாப்பாடு" என்பான், சாவிக்குக் கையை நீட்டி "திறப்பு" என்பான், மிச்சத்தைச் சுவருக்குச் சொல்வான். கோவிலில் அவளைக் கண்டால் சிலர் செருப்புப் போடுகிற சாட்டில் குனிந்தார்கள். அவள் அதே வாளியோடு அதே இருட்டில் வேலைக்குப் போனாள், அதே சனிக்கிழமைகளில் அதே மண்டபத்தில் குந்தினாள், ஆரணிக்கு இன்னொரு பல்லு விழுந்தது, அதையும் அவள் போனுக்குள்தான் பார்த்தாள். சொல்லியிருக்கலாமோ என்று நினைக்காத நாள் இல்லை. நினைத்து, அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

கரிநாக்கு யாருக்கும் நின்றுபோகவில்லை, ஆனால் சனத்துக்குத்தான் அது சலித்தது. கையால் சமைத்தாலும் அதே அலுப்பு, ஆனால் கையால் சமைத்தால் ரேடியோவில் ஒரு பாட்டாவது கேட்கலாம், கடுகு வெடிக்கிற மணமாவது மூக்குக்குப் போகும் என்று ஒவ்வொருத்தராய் அகப்பையைத் திரும்ப எடுத்தார்கள். தேத்தண்ணியைச் சொல்லால் குடிப்பதை முதலில் விட்டது ஆண்கள்தான். பவளக்கா ஒருநாள் கஜனை ஒரு காரணமும் இல்லாமல் ஊர் சுற்றிவர அனுப்பினா; அவன் திரும்பி வந்து மணியடித்ததும், ஏற்கெனவே கதவுக்குப் பின்னால் நின்றவ, மெல்ல மெல்லத் திறந்தா. "இப்ப கொஞ்சம் பரவாயில்லை," என்று சுகிர்தாவிடம் சொன்னா.

இலையுதிர் காலத்தில் சுகிர்தா திரும்பவும் சோதனைக்குப் போனாள். அந்தமுறை சந்தையைப் பற்றியும் தொலைந்த குடையைப் பற்றியும் கேட்டார்கள். பாஸ் பண்ணினாள். அலுவல்கள் நகர்ந்தன, நின்றன, நகர்ந்தன, இன்னொரு மாரி வந்தது, அந்த மாரியின் நடுவில் ஒரு விமானம் வந்தது.

தயாபரனும் அவளும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விடியமுன் வேலைக்குப் போய்விட்டு நேரே வந்தவள், தலையில் கம்பளித் தொப்பி, கண்ணுக்குக் கீழே கறுப்பு, கால் தன் கால் மாதிரி இல்லை. கண்ணாடிக் கதவு திறந்தது, மூடியது, யார் யாரோ வந்தார்கள். பிறகு ஒரு விமானப் பணிப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னளவு பெரிய ஒரு பையை நிலத்தில் இழுத்தபடி, ஆரணி வந்தாள்.

ஓடிவரவில்லை. தயாபரனைப் பார்த்தாள், சுகிர்தாவைப் பார்த்தாள், இவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சுகிர்தா கையை விரித்தாள்; பிள்ளை பணிப்பெண்ணின் பாவாடைக்குப் பின்னால் ஒரு அடி ஒதுங்கியது. கை விரித்தபடியே நின்றது, பிறகு மெல்ல இறங்கியது.

"அன்ரி," என்றாள் ஆரணி, தொப்பியையும் பெரிய கோட்டையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு. "போனிலை இருக்கிற அம்மா வரேல்லையோ?"

தயாபரன் பதறிப்போய் வாயைத் திறந்தான். சுகிர்தா அவன் காலை மிதித்தாள்.

பிள்ளை ஒதுங்கியது, தன் கை இறங்கியது, பிள்ளை 'அன்ரி' என்றது, இவ்வளவும் அவளுக்கு நன்றாய்த் தெரிந்தது, ஒன்றும் தவறவில்லை. அவள் அந்தக் குளிர்ந்த நிலத்திலேயே, பிள்ளையின் உயரத்துக்குக் குந்தினாள்.

"வந்துகொண்டிருக்கிறா," என்றாள். "நல்ல தூரம், மெல்லமாத்தான் வருவா. அதுமட்டும் உங்கட பையை நான் தூக்கட்டோ?"

பிள்ளை யோசித்தது. பையை ஒருமுறை தன் பக்கம் இழுத்துக்கொண்டது, பிறகு பார்த்தது, பிறகு பையின் இரண்டு காதுகளில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தது.

"ஒரு பக்கம் பிடியுங்கோ," என்றது. "மற்றப் பக்கம் நான்."